மருந்தா, டம்மியா

மணிகண்டராஜ் விடியுமுன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினான். பால் காய்ச்சி ஒரு டம்ளர் டீ போட்டான். அரிசி களைந்து குக்கரில் வைத்தான். விசில் வருவதற்குள் சட்டையைத் தேய்த்தான். சோறு ஆறியதும் தயிர் விட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்தான். மூடியின் உட்புறம் ஊறுகாய். பாட்டிலில் தண்ணீர். விளக்கை அணைத்தான். கதவைப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டான். போட்டதை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

தெருமுனையில் கம்பெனி வேன் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அது அவன் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். இப்போது அடிப்பதில்லை. அடிக்காத அந்த ஹாரனுக்குத்தான் அவன் தினமும் விழித்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி பானுப்பிரியா அந்த வேனில்தான் வெம்பக்கோட்டையிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வெடி யூனிட்டுக்குப் போவாள். போன மாசியில் ஒரு நாள் காலையில் போனாள். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காலில் உறைந்த ரத்தம் பெயர்ந்துபோய் நுரையீரலில் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

“மனசைத் தேத்திக்கோ தம்பி” என்றார்கள் எல்லோரும். தேற்றிக்கொள்ள அந்த மனசு எங்கே இருக்கிறதென்று அவன் தேடிப் பார்த்தான். ரொம்ப நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால் போல இருந்தது அது. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது. வலி தெரியவில்லை.

அன்று அவன் லீவு போட்டிருந்தான். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. சோற்றுப் பை கையில் தொங்கியது. வீட்டில் போய் வைத்துவிட்டு வரலாம். வைக்கப் போனால் திரும்பி வராமலே இருந்துவிடவும் கூடும். அவன் பையோடு விருதுநகர் பஸ்ஸில் ஏறினான்.

முந்தின நாள்தான் போன் வந்தது. சிவகாசியில் அவன் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருந்தான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அவன் செய்கிற வேலை, டம்மி செய்வது. வடக்கேயிருந்து வரும் வியாபாரிகள் ரகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். மருந்து செலுத்திய வெடியைப் பையில் போட்டு ரயிலில் கொண்டுபோக முடியாது. அதனால் அதே காகிதக் குழல், அதே லேபிள், அதே திரி. உள்ளே மட்டும் மருந்துக்குப் பதில் மணலும் மரத்தூளும். எடை மாறக் கூடாது. தராசில் வைத்துப் பார்த்து ஒரு சிட்டிகை கூட்டுவான், ஒரு சிட்டிகை குறைப்பான். சிவகாசிக் காட்டில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து. அதற்கு அடுத்துத்தான் ஆஸ்பத்திரி மருந்து.

போன் அடித்ததும் பக்கத்து மேஜை செல்லச்சாமி நிமிர்ந்தார். லேபிள் ஒட்டிக்கொண்டே ஊர் வம்பு முழுவதும் ஒட்டுகிறவர்.

“ஏலே மணி, ஒன் போனு அடிக்குமாலே? நான் அதையும் டம்மின்னுல்லா நெனச்சேன்.”

பானுப்பிரியா சேர்ந்திருந்த மாத்திரை ஆராய்ச்சியின் நர்ஸ் ஜெயக்கொடி சிஸ்டர் பேசினாள். “ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு தம்பி. யாருக்கு எந்த மாத்திரைன்னு பிரிச்சுச் சொல்லிட்டாங்க. தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சுன்னா விருதுநகருக்கு வாங்க. போன்ல வேண்டாம்.”

“வாரேன்” என்றான்.

போனை வைத்த பிறகு கையிலிருந்த குழலில் மணலைக் கொட்டினான். அது நிறைந்து வழிந்து மேஜையில் பரவி, மேஜையிலிருந்து கீழே சொரிந்தது. செல்லச்சாமி லேபிளைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அவன் கையிலிருந்து குழலை வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

பஸ் வெம்பக்கோட்டை அணையைத் தாண்டியபோது அவன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். சாயங்காலங்களில் அவனும் பானுவும் அந்தக் கரை வரைக்கும் நடந்து போவார்கள். கால் வலி வருவதற்கு முன்பு.

யூனிட்டில் அவளுக்குத் திரி சொருகும் வேலை. காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். இடது கெண்டைக்காலில் ஒரு சிவந்த கோடு.

“தொட்டுப் பாருங்க மச்சான்.”

தொட்டான். தோலுக்கு அடியில் கயிறு போல எதுவோ கெட்டியாக ஓடியது. சூடாக இருந்தது.

“திரி மாதிரி இல்ல?” என்றாள். “யாரோ காலுக்குள்ள திரி சொருகிட்டாக. அடிநுனி எங்கன இருக்குன்னுதான் தெரியல.”

அந்த வாரம் யூனிட்டுக்கு மெடிக்கல் கேம்ப் வந்தது. ஜெயக்கொடி சிஸ்டர் அந்தக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினாள். மேலாக ஓடும் ரத்தக்குழாயில் வீக்கம், உள்ளே கொஞ்சம் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். உட்கார்ந்தே வேலை செய்கிற பெண்களுக்கு வருகிறதாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம். பெரும்பாலும். ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்தைக் கொடுத்தால் நல்லதா, கொடுக்காமல் விட்டாலும் ஒன்றுதானா என்பது ஆராய்ச்சி. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கொடுக்கிற சிஸ்டருக்கும் எது எதுவென்று தெரியாது.

சிஸ்டர் இதை விளக்கி முடித்ததும் பானு கைகொட்டிச் சிரித்துவிட்டாள். “டம்மி! சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு இதான் வேலை!”

அன்றிலிருந்து மாத்திரையை நோட்டம் பார்ப்பது ஆரம்பித்தது. தினமும் வேன் வருமுன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பாள். காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, பிறகு விழுங்குவாள். தீர்ப்பை உடனே சொல்லமாட்டாள். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டிச் சொல்வாள். “இன்னைக்கு டம்மி மச்சான்!” இன்னொரு நாள், “இன்னைக்கு மருந்து!”

“ஒரு டப்பாவுல ஒரே ரகம்தான் இருக்கும் பானு. தினமும் மாறாது” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

“நீங்க பி.எஸ்ஸி. படிச்சவுக. உங்களுக்கு ஒரே ரகம். எனக்குத் தினமும் ஒரு ரகம்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நாளானது. டம்மி என்றால் கால் வலிக்கிறது. மருந்து என்றால் வலி குறைவு. வலிக்கிறது என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஜன்னலிலிருந்து அவள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவன் ஒரு வாரத்தின் வலியைத் தெரிந்துகொண்டான். வேனுக்குள் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. அவர்களும் கேட்டதில்லை.

மருந்தா, டம்மியா. அவள் போன பிறகு அவனிடம் மிச்சமிருந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதையும் அவன் தனக்காக வைத்திருக்கவில்லை. கருமாதி அன்றைக்கு, எல்லோரும் கலைந்த பிறகு, பானுவின் அம்மா சோலையம்மாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சண்டை கிண்டை ஏதும் போட்டீகளா மாப்ள?” என்று கேட்டாள். இல்லை என்றான். கொஞ்சம் கழித்து, “என்ன மருந்துன்னு தெரிஞ்சா என்கிட்ட வந்து சொல்லுங்க” என்றாள். சொல்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அவள் அவனோடு அதிகம் பேசவில்லை. போகும்போதெல்லாம் சோறு போடுவாள். சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோபம் என்று நினைத்துக்கொண்டான். மகளைச் சோதனைக்கு விட்டவன்மேல் கோபம் வராதா. டம்மி என்று தெரிந்துவிட்டால் அந்தச் சோறும் நின்றுபோகும். பானுவைப் பெற்றவள், பானுவின் கண்ணைத் தன் முகத்தில் வைத்திருக்கிறவள், உலகத்தில் அவள் ஒருத்தி. அந்த வீட்டு வாசலும் அடைபட்டுப்போனால் அவன் போவதற்கு வேறு இடம் இல்லை.

இருந்தாலும் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

விருதுநகரில் மிளகாய்க் கமிஷன் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு மாடியில் இருந்தது ஆராய்ச்சி ஆபீஸ். கீழே குடோன் வாசலில் மிளகாய் சிவந்து மலையாகக் கிடந்தது. அதன்மேல் இரண்டு பேர் முழங்கால் புதைய நடந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் அந்தச் சிவப்பில் பட்டு அவர்கள் முகத்தில் ஏறியது. எதற்கும் சத்தமே இல்லாதது போலிருந்தது. ரத்தக்குழாய்க்குள் யாரோ மெல்ல நடந்து போவது போல.

“வாங்க தம்பி” என்றாள் ஜெயக்கொடி சிஸ்டர். தும்மினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இந்தத் தெருவுல ஒரு வசதி. நான் அழுதாலும் யாரும் என்னன்னு கேக்கமாட்டாங்க.”

டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

“தெரிஞ்சுக்காமலே போகலாம் தம்பி. யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க.”

“எங்க அத்தைக்குச் சொல்லணும் சிஸ்டர். கேட்டிருக்காங்க.”

சிஸ்டர் மேஜையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“டம்மி தம்பி.”

பானுவிடம் கற்றுக்கொண்ட வார்த்தை அது.

கீழே யாரோ மூட்டை எண்ணும் குரல் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.

“மருந்து எடுத்துக்கிட்டவங்களுக்குக் ரத்தக்கட்டி மேல ஏறுனது ரொம்பக் கம்மி. பெரிய டாக்டருங்களுக்கெல்லாம் சந்தோஷம். இனிமே இந்த மாதிரிக் காலோட வர்றவங்களுக்குச் சும்மா விடாம மருந்து கொடுக்கலாம்னு பேசிக்கிறாங்க. நல்ல செய்திதான். இந்த நல்ல செய்தியை உங்ககிட்ட எந்த வாயால சொல்றதுன்னுதான்...” டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். “அந்தக் கூட்டத்துல பானு காலைத் தொட்டுப் பார்த்து, ‘நீ வாம்மா’ன்னு கூப்பிட்டது நான்தான்.”

“கூப்பிடாட்டா ஸ்கேன்கூட எடுத்திருக்கமாட்டோம் சிஸ்டர்” என்றான். அது உண்மை. அதனால் சொன்னான்.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டான். “டம்மி சாப்பிட்டா வலி குறையுமா?”

“குறையும் தம்பி. நம்புறவங்களுக்குக் குறையும்.” சிஸ்டர் மறுபடி தும்மினாள். “பானு நம்புற ஆளு.”

சாத்தூர் வழியாக ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் பிடித்தான். ஜன்னலோரம் தூங்கிப்போனான். கனவில் சாம்பிள் ரூம். அலமாரி முழுக்கப் புதுசு புதுசாக லேபிள் ஒட்டிய நிலவுகள். பானு உள்ளே வந்தாள். கை இரண்டும் முழங்கை வரை வெடியில் சேர்க்கும் அலுமினியப் பொடி, வெள்ளி போட்டது போல. நிலவை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்து வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவனை எடுத்தாள். அவன் எடையே இல்லாமல் அவள் உள்ளங்கையில் இருந்தான். காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே மணல் சரசரத்தது. அவள் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பைச் சொல்லுமுன் பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளி யூனிட்டின் சின்னச் சின்ன அறைகள், யாருக்கும் யாரோடும் பேச்சில்லாதது போல. அவன் ஆஸ்பத்திரி வாசலை நினைத்துக்கொண்டான். நினைத்தான் என்பதைவிட, அது வந்து எதிரே நின்றது.

அன்றைக்கு வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பானு மூச்சு வாங்கிச் சரிந்துவிட்டாள் என்று யூனிட்டிலிருந்து போன் வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். பேச்சில்லை. அத்தை அவனுக்குப் பின்னால் ஓடிவந்தாள். ஒரு நர்ஸ் கத்திக் கேட்டாள். “மருந்து ஏதும் சாப்பிட்டாங்களா?”

“ஆமா” என்றான்.

“என்ன மருந்து?”

“தெரியல.”

தெரியாதுதானே. மருந்தா டம்மியா என்று யாருக்கும் தெரியாதே. இதை அவன் சொல்லி முடிக்குமுன் ஒரு ரப்பர் குழாயோடு இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். பிறகு ஒரு டாக்டர் வந்தார். பானுவின் சோற்றுப் பையிலிருந்த ஆராய்ச்சி அட்டையைப் பார்த்தார். குழாயை எடுக்கச் சொன்னார். அதன்பிறகு எல்லாம் வெகு மெதுவாக நடந்தது. அல்லது வெகு வேகமாக.

அத்தை வீட்டு வாசலில் பஸ் புழுதியோடு வந்து நின்றவன் முதலில் பார்த்தது இரண்டு வெள்ளிக் கைகளைத்தான். சோலையம்மாளும் வெடி வேலைக்குப் போகிறவள்; வேலை முடிந்து வந்து, படியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் போட்டு அலுமினியப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயிலில் அவள் கை தனியாகப் பளபளத்தது.

“வாங்க மாப்ள. இந்த வெயில்ல வாரீக. சாப்பிட்டீகளா?”

“சோறு கையில இருக்கு அத்தை.”

“கையில இருந்தா பசி அடங்கிருமாக்கும்.” டப்பாவை வாங்கித் திறந்து முகர்ந்தாள். “இதை நாயும் மோந்து பாக்காது. எப்பக் கட்டுனீக?”

“காலையில.”

“காலையில கட்டி ஊரெல்லாம் சுத்திக் காட்டிட்டு வாரீகளோ? இருங்க, வாரேன்.”

தட்டு வந்தது. சோறும் கருவாட்டுக் குழம்பும். வழக்கம் போல எதிரே உட்கார்ந்தாள். வழக்கம் போல அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டுச் சாப்பிடுவதா, சாப்பிட்டுவிட்டுச் சொல்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் தின்றால் அது திருட்டுச் சோறு என்று தோன்றியது.

“அத்தை, நீங்க கேட்ட விஷயம் தெரிஞ்சிருச்சு.”

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“என்ன மருந்து?”

“மருந்து இல்ல அத்தை.”

“என்னது?”

“மருந்தே இல்ல. வெறும் டம்மி. அவ மருந்தே சாப்பிடல.”

அடி விழும், அல்லது வசவு வரும் என்று காத்திருந்தான். தட்டைத் தூக்கி வீசினாலும் சரிதான். அவள் அசையவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்தது.

“யாரு சொன்னா?”

“ஆராய்ச்சி சிஸ்டர். இப்ப அங்க இருந்துதான் வாரேன்.”

“அந்தச் சர்ச்சுக்குப் போற வேதக்கார சிஸ்டரா? அது பொய் சொல்லாது.” எண்ணெய்க் கையோடு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வெள்ளி அவன் தோலில் ஒட்டியது. “நெசமாவா மாப்ள? சத்தியமாவா?”

“சத்தியமா அத்தை.”

சோலையம்மாள் படியிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்தாள். தரையில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தான். அழுகையோடு வேறொன்றும் கலந்திருந்தது. மழை பெய்யும்போது வெயிலும் அடிக்குமே, அதுபோல.

“ஆத்தா, மாரியாத்தா! எம்புள்ள மருந்து குடிக்கல! எம்புள்ள குடிக்கல!”

குடிக்கல.

அவன் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. மாத்திரையை யாரும் குடிப்பதில்லை. வெடிமருந்தையும் குடிப்பதில்லை. அந்தக் காட்டில் மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கிறது. பருத்தியில் பூச்சிக்கு அடிப்பது. பாட்டிலில் வருவது. வாழ்க்கை வெறுத்தவர்கள் குடிப்பது. அதை அவன் அடியோடு மறந்துபோயிருந்தான்.

“அத்தை,” என்றான். “அவ மருந்தைக் குடிச்சிட்டான்னா நெனச்சீக? இம்புட்டு நாளா?”

“வேற என்ன நெனைக்கச் சொல்லுதீக? மருந்து சாப்பிட்டாளான்னு அந்த நர்சு கேக்குறா. ஆமாங்கிறீக. என்ன மருந்துங்கிறா. தெரியலங்கிறீக. வயித்தக் கழுவுற கொழாயத் தூக்கிட்டு ஓடுறாக. நான் பின்னாலதான நின்னேன்.”

“நுரையீரல்ல அடைப்புன்னு டாக்டர் சொன்னாரே?”

“போலீசு கேசு ஆகாம இருக்க நல்ல மனுசன் மாத்திச் சொல்லுதாருன்னு நெனச்சேன். அவரு நல்லா இருக்கணும்னு வெள்ளிக்கிழமை தோறும் வெளக்கு போடுதேன்.” முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “இனிமேயும் போடணும். அந்த மனுசன் நெசத்தையில்ல சொல்லியிருக்காரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை.”

“கேட்டு, நீங்க ஆமான்னுட்டா? ஒரு தடவை ஆமான்னதையே தாங்க முடியல.” கொஞ்சம் தயங்கினாள். “அதும் போக, மாரிசெல்வி சொன்னா. அவளும் அந்த வேன்லதான வாரா. அன்னைக்கு வேன் கிளம்பும்போது, ‘இன்னைக்கு மருந்துதான்’னு உங்களைப் பாத்துக் கத்துனாளாமே. எல்லாரும் கேட்டிருக்காக. என்னமோ வைராக்கியத்துலதான் புள்ள கத்திட்டு வந்திருக்கான்னு எல்லாருக்கும் பேச்சு. நீங்க வரும்போதெல்லாம் உங்க மொகத்தைப் பாத்துப் பாத்து நானும் தேடுனேன். சண்டை போட்ட மொகமா இருக்கான்னு.”

அந்தப் பார்வை அதற்குத்தானா. அவன் தட்டை நகர்த்தி வைத்தான்.

பிறகு சொன்னான். யாரிடமும் சொல்லாதது. எடை பார்ப்பது, காதோரம் ஆட்டுவது, நாக்கு நுனி, வேன் ஜன்னல். டம்மி என்றால் வலி. மருந்து என்றால் வலி இல்லை. சொல்லும்போது அவன் கை தானாகவே இல்லாத மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கியது. அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் சிரித்துவிட்டாள்.

“கழுதை. சின்னதுலயே அப்படித்தான் மாப்ள. காச்சலடிச்சா காச்சல்னு சொல்லமாட்டா. ‘இன்னைக்கு அடுப்பு நல்லா எரியுது’ம்பா. நெத்தியத் தொட்டுப் பாத்தா கொதிக்கும்.”

“என்கிட்ட அடுப்புன்னு சொன்னதில்லையே.”

“உங்களுக்குன்னு புதுசாச் செஞ்சிருக்கா. நீங்க வெடி ஆபீசுல இருக்கிறவுகல்ல.”

வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. காட்டுப் பக்கமிருந்து வேன்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பெண்கள் இறங்கித் தெருவில் நடந்தார்கள். கைகளும் கழுத்தும் வெள்ளியாக, பேசிக்கொண்டே, மண்ணைத் தொடாமல் நடப்பவர்கள் போல. வெம்பக்கோட்டைக்குத் திரும்பும் வேனில் மாரிசெல்வியும் இருந்திருக்கலாம். அத்தை எழுந்துபோய் நாலு பேர் கேட்கும்படி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான். அவள் எழவில்லை. இன்னும் எதற்கோ காத்திருந்தாள்.

“அம்புட்டுத்தான் சொன்னாளா மாப்ள? மருந்துதான்னு மட்டுமா?”

அவன் யோசித்தான். யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலையை அவன் பாயோடு சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தான். இப்போது அது பிரிந்தது. மாசிப் பனி. அணைப் பக்கமிருந்து இறங்கி வந்து தெருவை மூடியிருந்தது. வேன் அதற்குள் மிதந்து நின்றது. அவள் ஏறும்போது இடது காலைத்தான் முதலில் தூக்கி வைத்தாள். எத்தனையோ வாரமாக வைக்காத கால். அதை அவன் பார்த்தான். ஜன்னலில் முகம் வந்தது. இன்ஜின் உறுமியது. உள்ளே இருந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். மீதி அவனுக்கு மட்டும்.

மார்புக்குள் எங்கோ ஓரிடத்தில் குத்தியது. பிறகு பக்கத்தில். பிறகு எல்லா இடத்திலும், ஊசி ஊசியாக. மரத்துப்போன கால் விழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் இருக்கும். அவன் அத்தையின் வெள்ளிக் கையைப் பிடித்துக்கொண்டான். பானு சொன்னதை, பானுவின் குரலிலேயே சொன்னான்.

“இன்னைக்கு மருந்துதான் மச்சான். சாயந்தரம் டேமு வரைக்கும் நடந்துட்டு வருவமா?”